குழந்தைக்குப் படப்புத்தகம் பார்த்து எடுப்பது எப்படி

சனிக்கிழமை காலையில் சிங்கப்பூரின் அங் மோ கியோ நூலகம் திறக்கிற நேரத்துக்கே நானும் என் பேத்தியும் போய்விடுவோம். அவளுக்கு நாலு வயது. தனக்குப் பிடித்ததை அள்ளிக்கொண்டு வருவாள். அதில் நான் தலையிடுவதில்லை. என் பங்குக்கு நாலைந்து தமிழ்ப் படப்புத்தகங்கள் எடுப்பேன். அந்த நாலைந்தை எப்படிப் பொறுக்குகிறேன் என்று என் மகனின் நண்பர்கள் இரண்டு பேர் கேட்டார்கள். இருவருக்கும் சின்னப் பிள்ளைகள். வீட்டில் ஆங்கிலம்தான் ஓடுகிறது, தமிழ்ப் புத்தகத்தை எடுத்தால் பிள்ளை இரண்டு பக்கத்திலேயே எழுந்து போய்விடுகிறது என்றார்கள். அவர்களுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் ஆசிரியர் இல்லை. 27 வருடம் அச்சகத்தில் வேலை பார்த்தவன். முதலில் பைண்டிங், பிறகு நாலு வண்ண மெஷின். புத்தகம் எப்படி உருவாகிறது என்று கையால் தெரியும். எப்படி வாசிக்க வேண்டும் என்பதை என் பேத்தி என் மடியில் உட்கார்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

படப்புத்தகத்தில் கதை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று வரியில், இன்னொன்று படத்தில். வரி சொன்னதையே படமும் திருப்பிச் சொன்னால் பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. வரி சொல்லாத ஒன்றைப் படம் வைத்திருந்தால் பிள்ளை விரலை நீட்டும், வாயைத் திறக்கும். நான் தேடுவது அந்த விரல் நீளும் இடத்தைத்தான். மற்றதையெல்லாம் அதற்கு அடுத்தபடியாகவே பார்க்கிறேன்.

கையில் எடுத்ததும்

முதலில் முதுகைப் பாருங்கள். நடுவில் பின் அடித்ததா, பசை போட்டதா, நூல் தைத்ததா? நடுவில் விரித்து மேசையில் வையுங்கள். கையை எடுத்ததும் புத்தகம் தானாக மூடிக்கொண்டால் அது மடியில் வைத்து வாசிக்க உதவாது. ஒரு கை பிள்ளையை அணைத்திருக்கும், இன்னொரு கை பக்கம் திருப்பும். பக்கத்தை அழுத்திப் பிடிக்க மூன்றாவது கை யாருக்கும் இல்லை. பின் அடித்ததும் நூல் தைத்ததும் நன்றாக விரியும். வெறும் பசை போட்டது விரியாது. பலமாக அழுத்தினால் முதுகு வெடித்துத் தாள் தாளாகக் கழன்று வரும்.

அப்புறம் மடிப்பு. படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம் இருக்கும். அதற்குக் காரணம் தாளை மடிக்கிற கணக்குத்தான். ஒரு ஃபாரத்துக்கு, அதாவது அச்சடித்து மடிக்கிற ஒரு பெரிய தாளுக்கு, 16 பக்கம் என்றால் இரண்டு ஃபாரம் 32. பின் அடித்து ஓரம் வெட்டிய 32 பக்கப் புத்தகத்தில் 16-ம் 17-ம் மட்டும்தான் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மற்ற விரிப்புகளில் இடது பக்கம் ஒரு தாளிலிருந்தும் வலது பக்கம் வேறொரு தாளிலிருந்தும் வந்து சேரும். அதனால் இரண்டு பக்கத்துக்கும் பரவிய படத்தில் மேசையின் விளிம்போ மரக்கிளையோ மடிப்பைத் தாண்டும்போது மேலும் கீழுமாக விலகி நிற்கலாம். மயிரிழை விலகினால் பரவாயில்லை. முகத்தையே மடிப்பில் கொண்டுபோய் வைத்திருந்தால் அது ஓவியரும் வடிவமைப்பாளரும் யோசிக்காமல் செய்த வேலை. ஒரு புத்தகத்தில் பாட்டியின் மூக்கு முழுசாக மடிப்புக்குள் போயிருந்தது. என் பேத்தி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் புத்தகத்தைப் பிளந்து மூக்கைத் தேடுவாள். கதை அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் கெட்டி அட்டைப் புத்தகம்தான் எடுக்க வேண்டும். மூலை வளைத்து வெட்டியிருக்கிறதா, அட்டை அடுக்குப் பிரிகிறதா என்று நகத்தால் நெருடிப் பாருங்கள். பளபளக்கும் தாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கூடத்தில் விளக்குக்கு அடியில் உட்கார்ந்தால் அந்தத் தாளில் விளக்குதான் தெரியும், படம் தெரியாது. மினுக்கம் குறைந்த தாள் நல்லது. நம் ஊர் ஈரக்காற்றில் அட்டை சுருண்டுகொள்வதைத் தடுக்க முடியாது, அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

வரியை மூடிவிட்டுப் படத்தைப் பாருங்கள்

இதுதான் என் முறையில் முக்கியமான கட்டம். நூலகத்தில் நின்றபடியே செய்யலாம், ஐந்து நிமிடம்கூட ஆகாது. உள்ளங்கையால் எழுத்தை மறைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். யாருக்கு என்ன நடக்கிறது என்று உங்களால் ஓரளவு சொல்ல முடிகிறதா? பாதியில் புரியாமல் போனால் அங்கே படம் வெறும் அலங்காரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது கையை எடுத்துவிட்டு வரியோடு சேர்த்துப் பாருங்கள். வரியில் இல்லாதது படத்தில் என்ன இருக்கிறது?

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். நாங்கள் நூலகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு புத்தகத்தில் ஒரு சிறுமி காணாமல் போன தன் பூனையைத் தேடுகிறாள். 11-ஆம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: “சமையலறையிலும் இல்லை.” படத்தில் அம்மா தோசை ஊற்றுகிறார், சிறுமி அலமாரியைத் திறந்து பார்க்கிறாள். நான் இரண்டு தடவை வாசித்தும் வேறு எதையும் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை பேத்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “தாத்தா, வெயிட்! வால்!” அரிசி வாளிக்குப் பின்னால், சுவரின் நிழலோடு நிழலாக, ஒரு வாலின் நுனி. வரி “இல்லை” என்கிறது, படம் “இருக்கிறது” என்கிறது. அந்தச் சிறுமிக்குத் தெரியாத ஒன்று என் பேத்திக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு பக்கத்திலும் அவளே தேட ஆரம்பித்தாள். தேடத் தேடப் பேச்சு வந்தது: “இங்க இல்ல... கதவுக்குப் பின்னாடி... மேல பாருங்க...” ஆங்கிலத்திலேயே பேசுகிற பிள்ளை இவ்வளவு தமிழை ஒரே மூச்சில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்த வால் கட்டைவிரல் நகத்தின் பாதி அளவுகூட இருக்காது. ஓவியர் அதை அங்கே வைக்காமல் விட்டிருந்தாலும் புத்தகம் அச்சாகித்தான் இருக்கும். ஆனால் எங்கள் மடியில் அது வேறு புத்தகமாக இருந்திருக்கும். அதனால்தான் அட்டையில் ஓவியர் பெயர் இருக்கிறதா என்று நான் எப்போதும் பார்ப்பேன். எழுத்தாளர் பெயர் பெரிதாகவும் ஓவியர் பெயர் உள்ளே பொடி எழுத்தில் அச்சகத்தின் முகவரியோடும் கிடந்தால், அந்தப் பதிப்பகம் படத்தை எப்படி நினைக்கிறது என்று தெரிந்துவிடும். அமெரிக்க நூலகச் சங்கம் 1938 முதல் படப்புத்தக ஓவியருக்கென்றே கால்டிகாட் பதக்கம் கொடுத்து வருகிறது. நம் புத்தகங்களில் ஓவியருக்கு அட்டையில் ஒரு வரியாவது கொடுக்க வேண்டும்.

படத்தில் இன்னும் சிலவற்றைப் பார்ப்பேன். தமிழ் இடமிருந்து வலமாக ஓடுகிற எழுத்து. கண்ணும் அப்படியே ஓடும். கதைமாந்தர் வலது பக்கம் நோக்கிப் போனால் முன்னே போகிறார்கள், இடது பக்கம் திரும்பினால் வீடு திரும்புகிறார்கள் அல்லது தயங்குகிறார்கள் என்று மனசு தானாக எடுத்துக்கொள்ளும். நல்ல ஓவியர் இதை வைத்தே பக்கத்தைத் திருப்ப வைப்பார். வலது பக்க ஓரத்தில் பாதி தெரிகிற ஒரு கால், உருண்டு வெளியே போகிற ஒரு பந்து, இப்படி ஏதாவது இருக்கும். பந்து எங்கே போகிறது என்று பார்க்கவே பிள்ளை பக்கத்தைப் புரட்டும். சில புத்தகங்களில் ஆச்சரியம் வலது பக்கத்திலேயே வந்துவிடும். கேள்வியைக் கேட்கும்போதே பதில் கண்ணில் பட்டுவிடும். கேள்வி வலது பக்கத்தில் இருக்க வேண்டும், பதில் தாளைத் திருப்பினால் வர வேண்டும். வடிவமைப்பவருக்கு இது தெரிந்திருக்கிறதா என்று மூன்று திருப்பலிலேயே தெரிந்துவிடும்.

சின்னப் பிள்ளைகள் படத்தைப் பெரியவர்களைவிட உன்னிப்பாகப் பார்ப்பார்கள். நாலாம் பக்கத்தில் பையனுக்குச் சிவப்புச் செருப்பு, ஆறாம் பக்கத்தில் வெறுங்கால் என்றால், “செருப்பு எங்க?” என்ற கேள்வி வந்தே தீரும். செருப்பைக் கழற்றி வைத்த இடம் படத்தில் இருந்தால் நல்ல ஓவியர். மறந்துவிட்டார் என்றால் நான் பதில் சொல்ல முடியாமல் விழிப்பேன்.

உண்மையும் முக்கியம். கோயில் யானைக்கு ஆப்பிரிக்க யானையின் அகலமான காதை வரைந்திருப்பார்கள். காக்கைக்கு மஞ்சள் அலகு போட்டிருப்பார்கள். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நீர்நாய்க் குடும்பம் மீனைப் பிடித்துக் கடிப்பதை நேரில் பார்த்தவள் என் பேத்தி. ஒரு புத்தகத்தில் நீர்நாய்க்கு அடர்ந்த ரோமவால் வரைந்திருந்ததைப் பார்த்து, “இது ஸ்குவிரல், தாத்தா” என்று மூடி வைத்துவிட்டாள். பேசுகிற நீர்நாய், சட்டை போட்ட நீர்நாய் என்றால் அவள் ஏற்றுக்கொள்வாள். நீர்நாய் மாதிரியே இல்லாத நீர்நாயை ஏற்றுக்கொள்ள மாட்டாள்.

இப்போது கணினியே வரைந்து கொடுத்த படங்களோடும் புத்தகங்கள் வருகின்றன. அப்படி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் கையைப் பாருங்கள், விரலை எண்ணுங்கள். கோலம் இருந்தால் கோலத்தைப் பாருங்கள். புள்ளியைச் சுற்றி வர வேண்டிய கம்பி எங்கோ தொடங்கி எங்கோ கரைந்து போயிருக்கும். ஒரு காதில் தொங்கட்டான், இன்னொரு காதில் தோடு. மல்லிகைச் சரம் கூந்தலுக்குள் உருகிப் போயிருக்கும். கோலம் போடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அந்தப் பக்கம் அச்சுக்கே போயிருக்காது.

படத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டுப் பாருங்கள். நம் கடைகளுக்கு வரும் தமிழ்ப் படப்புத்தகங்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் அச்சானவை. கிணறு, மாட்டுவண்டி, திண்ணை வைத்த வீடு. இவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என் அப்பா பிறந்த ஊர் எப்படி இருந்தது என்று பேத்திக்குக் காட்ட எனக்கு அவை வேண்டும். ஆனால் அவளுடைய உலகம் மின்தூக்கி, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், எம்ஆர்டி ரயில், உணவங்காடி. என் மருமகள் சீனப் பெண். பேத்தி மருமகளின் அம்மாவைப் போபோ என்று கூப்பிடுவாள். ஒரு நாள் பொங்கல் புத்தகம் ஒன்றில் குடும்பமே பானையைச் சுற்றி நிற்கிற படத்தைப் பார்த்துவிட்டு, “போபோ எங்க?” என்று கேட்டாள். எங்கள் வீட்டில் பொங்கலன்று போபோவும் வந்து நிற்பார். அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் பத்துப் புத்தகம் எடுத்தால் அதில் குறைந்தது இரண்டு நம் ஊர்ப் பிள்ளையின் வாழ்க்கை மாதிரி இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து தேடி எடுக்கிறேன்.

வாய்விட்டு ஒரு தடவை

அடுத்தது காது. நூலகத்தில் மெதுவாக, உதட்டளவிலாவது மூன்று பக்கம் வாசித்துப் பாருங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறது என்று கவனியுங்கள். உங்கள் நாக்கு தடுக்கினால் பிள்ளையின் காதும் தடுக்கும்.

2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் ஆக அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடுதான். பல வீடுகளில் பிள்ளை ஒரு நாளில் தொடர்ந்து தமிழ் கேட்கிற நேரமே இந்தப் புத்தகம் வாசிக்கிற பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத் தமிழ் உயிரோடு இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

உயிரில்லாத தமிழ் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து அவசரமாக மாற்றிய புத்தகத்தில் இருக்கும். “மழை பெய்யத் தொடங்கியது. அது மிகவும் பலமாக இருந்தது” என்று எழுதியிருப்பார்கள். தமிழில் நினைத்தவர் “சோவென்று மழை!” என்று முடித்திருப்பார். சடசட, கிசுகிசு, மொறுமொறு, குடுகுடு என்று நம்மிடம் இரட்டைக்கிளவி கொட்டிக் கிடக்கிறது. சின்னப் பிள்ளைக்கு முதலில் பிடிக்கிற தமிழ் அதுதான். பொருள் தெரிவதற்கு முன்பே வாயில் ஒட்டிக்கொள்ளும். ஒரு புத்தகம் முழுக்க அப்படி ஒரு சொல்கூட இல்லை என்றால் எழுதியவர் குழந்தையிடம் பேசிப் பார்க்காமல் எழுதியிருக்கிறார் என்று நினைப்பேன்.

உறவுச் சொல்லையும் சரிபாருங்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல் இருந்தால் தமிழில் எதையோ ஒன்றைப் போட்டுவிடுவார்கள். படத்தில் அம்மாவின் தங்கை, வரியில் அத்தை. அப்பாவின் தம்பியை மாமா என்கிறார்கள். சித்தி யார், அத்தை யார் என்று பிள்ளை இந்த வயதில்தான் மனசில் அடுக்கிக்கொள்கிறது. அங்கே போய்க் குழப்பக் கூடாது.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்று பெற்றோர் நிறையக் கேட்கிறார்கள். 2005-இல் வெளிவந்த நம் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கையே வகுப்பில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. எனக்குப் பிடித்தது இரண்டும் கலந்தது: கதை சொல்கிற வரி எளிய எழுத்துத் தமிழில், கதைமாந்தர் பேசுவது பேச்சுத் தமிழில். “பாட்டி சிரித்தார். ‘இங்க வா கண்ணு’ என்றார்” என்று வந்தால் வாசிக்கிறவர் குரலும் தானாக மாறும். பாட்டியும் பேத்தியும் செய்தி வாசிப்பது போலப் பேசிக்கொள்ளும் புத்தகத்தை நான் எடுப்பதில்லை.

திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரி இருந்தால் பெரிய வரம். பூனைப் புத்தகத்தில் “அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை” என்று ஒவ்வொரு அறைக்கும் ஒரு தடவை வரும். இரண்டாம் நாளே நான் “அங்கேயும்...” என்று நிறுத்தினால் போதும், மீதியை அவள் முடிப்பாள்.

எழுத்தைக் கிட்டே வைத்துப் பாருங்கள்

மெஷினில் நின்றவன் என்பதால் இதை விட முடியவில்லை. நான் வேலை பார்த்த அச்சகத்தில் ஒரு முறை சிறுவர் புத்தகம் ஓடியது. இரவுக் காட்சி, பக்கம் முழுக்கக் கருநீலம், அதன் மேல் வெள்ளை எழுத்து. அப்படிப்பட்ட வெள்ளைக்கு மை கிடையாது. அந்த இடத்தில் மை படாமல் தாளின் வெள்ளையை அப்படியே விடுவதுதான். ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும் வண்ணங்களில் ஒன்று கொஞ்சம் நகர்ந்தால் போதும், சின்ன வெள்ளையெல்லாம் அடைபட்டுவிடும். தமிழில் முதலில் அடைபடுவது புள்ளி. கண்ணாடி வைத்துப் பார்த்தேன். “மின்மினி வந்தது” என்று இருக்க வேண்டிய வரி “மினமினி வநதது” என்று நின்றது. மேலதிகாரியிடம் காட்டினேன். படிக்க முடிகிறதே, போகட்டும் என்றார். போய்விட்டது. தமிழ் தெரிந்த நமக்குப் படிக்க முடியும். ன-வுக்கும் ன்-னுக்கும் உள்ள வித்தியாசமே அந்தப் புள்ளிதான் என்று அப்போதுதான் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு எப்படி முடியும்? பல வருடம் ஆகியும் அந்தப் பக்கம் என் மனசை விட்டுப் போகவில்லை. அதனால் கருத்த படத்தின் மேல் வெள்ளை எழுத்து இருந்தால் புள்ளிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒரு வரியாவது எண்ணிப் பாருங்கள்.

எழுத்துரு கோளாறும் உண்டு. கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் அதற்குரிய எழுத்து அடுத்த வரியிலும் விழுந்திருக்கும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கடைசிச் சரிபார்ப்பில் இல்லை என்பதற்கு அது அடையாளம். உள்ளே வேறு பிழைகளும் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த மிகப் பழைய பதிப்புகளில் லை, னை போன்றவை பழைய கொம்போடு இருக்கும். நாம் வாசித்துக் காட்டத் தடையில்லை, தானே எழுத்துக்கூட்டும் பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் வாசித்துக் காட்டும் புத்தகம் வேறு, பிள்ளை தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும் புத்தகம் வேறு. காதால் கேட்கும்போது “ஓடிக்கொண்டிருந்தது” ஒரு மூச்சில் போய்விடும். விரல் வைத்துப் படிக்கும்போது அது பத்து எழுத்து. நாலாவது எழுத்துக்குள் முதல் எழுத்து மறந்துவிடும். தானே படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு “ஓடியது” போதும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்க் கதைகளை நாலு படிநிலையாகப் பிரித்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். தானே படிக்கும் பிள்ளைக்கு முதல் படிநிலையிலிருந்து எடுக்கலாம். ஆனால் திரையில் பார்ப்பதைவிட அச்சிட்டு நடுவில் பின் அடித்துக் கொடுத்தால் பிள்ளை கையில் வைத்துக்கொண்டு திரியும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இருமொழிப் புத்தகம் எங்கள் வீட்டுக்குத் தேவைப்படுகிறது. நான் தமிழ் வரியை வாசிப்பேன், மருமகள் ஆங்கில வரியைப் பார்த்துக் கதையைத் தெரிந்துகொள்வார். மறுநாள் நான் இல்லாதபோது அவரே தமிழ்ச் சொல் இரண்டைச் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பார். ஆனால் ஆங்கிலம் மேலே பெரிதாகவும் தமிழ் கீழே பொடியாகவும் இருந்தால் அதை எடுக்க மாட்டேன். எது பெரிது, எது சின்னது என்று பிள்ளை படிக்கத் தெரிவதற்கு முன்பே கற்றுக்கொள்ளும். இரண்டும் ஒரே அளவில், முடிந்தால் தமிழ் மேலே இருக்க வேண்டும்.

கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற பழக்கமும் எனக்கு உண்டு. “இதனால் நாம் அறிவது என்னவென்றால்” என்று கட்டம் கட்டி நீதி போட்டிருந்தால், கதையின் மேல் எழுதியவருக்கே நம்பிக்கை இல்லை. மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் எடுப்பேன், அந்தக் கட்டத்தை வாசிக்காமல் மூடிவிடுவேன்.

மூன்று வாரம் வீட்டில்

இவ்வளவு பார்த்து எடுத்தாலும் தீர்ப்பு பிள்ளையுடையதுதான். நூலகப் புத்தகம் 21 நாள் நம்மிடம் இருக்கும். அதற்குள் குறைந்தது மூன்று தடவை வாசியுங்கள். முதல் தடவை நிறுத்தாமல் வாசியுங்கள், நடுவில் “இது என்ன நிறம்? இது எத்தனை?” என்று கேள்வி கேட்க வேண்டாம். பிள்ளை சோதனை என்று உணர்ந்தால் எழுந்து போய்விடும். இரண்டாவது தடவை மெதுவாக, அவர்கள் விரல் நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். மூன்றாவது தடவை புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, “நீ சொல்லு, தாத்தா கேக்குறேன்” என்று உட்காருங்கள். எந்தப் பக்கத்தில் பேச்சு வருகிறது, எந்தப் பக்கத்தை இரண்டு இரண்டாகப் புரட்டித் தாண்டுகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

முதல் தடவையிலேயே பிடிக்கவில்லை என்று உடனே ஒதுக்கிவிடாதீர்கள். களைத்திருக்கலாம், பசியாக இருக்கலாம். மூன்று தடவையும் நழுவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். எவ்வளவு பெரிய பதக்கம் அட்டையில் ஒட்டியிருந்தாலும் சரி.

வாங்குவது அதற்கப்புறம்தான். பூனைப் புத்தகத்தை மூன்று தடவை இரவல் எடுத்தோம். நாலாவது தடவை போனபோது அலமாரியில் இல்லை, வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். வீடு வரும்வரை பேத்தி பேசவில்லை. திங்கட்கிழமை தேக்காவில் காய்கறி வாங்கிய கையோடு சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு புத்தகக் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் உள்ளே தேடி ஒரு பிரதியை எடுத்து வந்தார். நடுவில் விரித்து அழுத்தினேன். முதுகில் பசை விட்டுப்போய் நடுத்தாள் ஆடியது. “அண்ணே, வேற பிரதி இருக்கா?” என்றேன். இன்னொன்று இருந்தது. அதை விரித்தேன், நன்றாகப் படிந்து நின்றது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பாலர் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். அட்டையைப் பார்க்கவில்லை, முதல் பக்கத்தையும் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைப் பக்கத்துக்குப் போய் அரிசி வாளிக்குப் பின்னால் விரலை வைத்தாள். வால் இருந்தது.